ரீச் போட்ட இடம்

செப்டம்பர் 4, வியாழன்

காவல் நிலையத்தில் பொது நாட்குறிப்பு என்று ஒரு தடித்த புத்தகம் உண்டு. யார் வந்தார், யார் போனார், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எல்லாம் அதில் ஏற வேண்டும். எழுத்தரைப் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டதால் இந்த வாரம் காலையில் அதை நான் எழுதுகிறேன். "நிலையம் அமைதியாக இருந்தது" என்று இன்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் அருள்தாஸ் அப்படித்தான் எழுதச் சொன்னார். நிலையம் அமைதியாக இல்லை. அதனால் பஸ் ஸ்டாப் கடையில் இந்த நோட்டை வாங்கினேன்.

எங்கள் செங்காடு நிலையத்துக்கு அரசு ஒதுக்கிய ஆட்கள் எழுபத்தெட்டு. பட்டியலில் இருப்பவர்கள் முப்பத்தொன்பது. இன்று காலை ரோல்காலில் நின்றவர்கள் பதினொருவர். மற்றவர்கள் கோர்ட்டில், ஊர்வலத்தில், சாலையோரத்தில். ஒருவர் அதிகாரி வீட்டு நாயை ஊசி போடக் கூட்டிப் போயிருக்கிறார். எல்லைக்குள் இரண்டு லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ரோந்து வண்டி, ஏழாம் நம்பர். ஓட்டுபவர் தலைமைக் காவலர் மயில்சாமி. பக்கத்து இருக்கையில் நான், துளசிமணி, இரண்டாம் நிலைக் காவலர்.

மதியம் ஓர் அழைப்பு. தறிக்காரர் மூன்றாம் வீதி, கோழிக்கடைக்கு மேலே மாடி வீடு. முத்தீஸ்வரி என்று பெயர். முப்பது வயதிருக்கும். பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றுகிறாள். அடி தாங்காமல் எட்டு மாதம் முன்பு புருஷனை விட்டு வந்தவள். அவன், ராஜபாண்டி, இன்று வந்து கதவை உதைத்திருக்கிறான். நாங்கள் படியேறும்போது அவன் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"இப்பத்தான் வாரீகளா மேடம்? அவன் பஸ் ஏறி ஊரே போய்ச் சேர்ந்திருப்பான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 8, திங்கள்

திங்கள்கிழமைதோறும் கமிஷனர் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். எந்த வண்டி சராசரியாக எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்று. இந்த வாரமும் ஏழாம் நம்பர் முதலிடம். நான்கு நிமிடம் ஐம்பது நொடி. முதலிடத்துக்குக் கொடுத்த கேடயத்தை வண்டியின் பானெட் மேல் வைத்துப் படம் எடுத்தார்கள்.

ஏட்டய்யா மயில்சாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டே என் காதில் சொன்னார்: "இந்த வண்டி அம்பதத் தாண்டுனா எம்பக்கத்துக் கதவு தானாத் தொறந்துக்குது அம்மிணி. இதுக்கு ஒரு கேடயம்!"

எப்படி நான்கு நிமிடம் என்று எங்காவது எழுதி வைக்க வேண்டும். அழைப்பு வந்தால் வண்டியில் பொருத்திய டேப் என்கிற கைக்கணினியில் முகவரி விழும். அதற்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான். இடத்துக்குப் போய் இறங்கியதும் அதை அழுத்த வேண்டும். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'ரீச் போடுவது'. ஏழு நிமிடத்துக்குள் ரீச் விழாவிட்டால், கமிஷனர் அறையின் பெரிய திரையில் அந்த அழைப்பு சிவப்பாகிவிடும். சிவப்பானால் மறுநாள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். அதனால் ஆறாவது நிமிடத்தில் கன்ட்ரோல் ரூம் பெண்ணே மைக்கில் கூப்பிடுவாள். "செவன், செவப்பாகப் போகுது. ரீச் போட்டுருங்க."

போட்டுவிடுவேன். வண்டி சிக்னலில் நின்றாலும் சரி, பெட்ரோல் பங்கில் நின்றாலும் சரி. நகரத்தின் எல்லா வண்டிகளிலும் இதுதான் நடக்கிறது. வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி ஜூன் மாதமே செத்துப்போனது. மூன்று கடிதம் போட்டாகிவிட்டது.

இதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. ரீச் போட்டாலும் போடாவிட்டாலும் வண்டி போகிற நேரத்துக்குத்தான் போகும்.

செப்டம்பர் 11, வியாழன்

மறுபடி மூன்றாம் வீதி. இந்த முறை இருபது நிமிடத்தில் போய்விட்டோம். அவன் தெருமுனையில் நின்றிருந்தான். ஏட்டய்யா சட்டையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். இதற்கு முன்பும் ஒரு முறை எழுதி வாங்கியிருக்கிறார்கள். வழக்குப் பதிந்து விசாரிக்க வேண்டிய எஸ்.ஐ. புதிய பாலத் திறப்பு விழாவுக்குப் பாதுகாப்புத் திட்டம் போடும் கூட்டத்தில் இருக்கிறார். நான்கு நாளாக அங்கேதான் இருக்கிறார்.

முத்தீஸ்வரியின் கதவில் இருந்தது பேருக்கு ஒரு கொண்டி. விரலால் ஆட்டினால் ஆடியது. நானே கடைக்குப் போய் நல்ல கனமான தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து, கீழே கோழிக்கடை பாவா பாயிடம் திருப்புளி கேட்டு வாங்கி முறுக்கினேன்.

"மேடம் ஆசாரி வேலையும் பாப்பீகளோ?" என்றாள்.

"ஸ்டேஷன்ல ஆளில்லீங்க. எல்லா வேலையும் நாங்கதான்."

இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாள். தம்ளரை நீட்டும்போது விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் செம்புக் கம்பி அறுத்த கோடுகள். ஒரு நாளைக்கு நாற்பது காயில் சுற்றுவாளாம். அவள் பிரிவில் அவ்வளவு வேகமாகச் சுற்ற ஆளில்லையாம்.

புறப்படும்போது சொன்னேன்: "அவன் என்ன பேசுனாலும் சரி, அழுதாலும் சரி, இதை எடுக்காதீங்க. போலீஸ் வந்தாச்சுன்னு உறுதியாத் தெரிஞ்ச பின்னாடிதான் எடுக்கோணும்."

"எப்படித் தெரியும் மேடம்?"

"நாங்க வந்தா தெரியாமப் போகுமா?"

செப்டம்பர் 13, சனி

வார விடுப்பு இல்லை. இது மூன்றாவது வாரம். அம்மா போனில், "பொண்ணு பாக்க வர்றோம்ங்கறாங்க சாமி, ஒரு நாள் லீவு போட முடியாதா?" என்றாள். பெண் பார்க்க வருகிறவர்களைப் பாலத் திறப்பு விழாவுக்கு வரச் சொல், சாலையோரம் ஐம்பது மீட்டருக்கு ஒரு பெண் நிற்பாள், பிடித்ததைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

பட்டியலில் மறுபடி முதலிடம். ரோல்கால் முடிந்ததும் சுற்றறிக்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வண்டியின் பானெட் மேல் வைத்தார்கள். மொத்தம் பதினான்கு சுற்றறிக்கை. படித்தேன் என்று ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட வேண்டும். முதலாவது, தொப்பியைச் சாய்த்து அணியக் கூடாது. அதை மட்டும் படித்தேன். ஏட்டய்யா தன் கையெழுத்துகளை என்னையே போடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இருபத்தெட்டுக் கையெழுத்து, மூன்று நிமிடம்.

செப்டம்பர் 17, புதன்

பாலத்தில் ஒத்திகை. வெற்றுச் சாலையைப் பார்த்தபடி ஆறு மணி நேரம் நின்றோம்.

செப்டம்பர் 18, வியாழன்

சட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். வேறெதுவும் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

நடந்ததை நேரத்தோடு எழுதிவிடுகிறேன்.

நேற்று பாலத் திறப்பு விழா. செங்காடு நிலையத்தில் விட்டுவைத்தது இரண்டு பேரை. வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாரா ஒருவர், உள்ளே போன் எடுக்க ஒருவர். ஏழாம் நம்பர் வண்டி எல்லைக்கு வெளியே, பாலத்தின் மறுமுனையில், விருந்தினர் வண்டிகளின் வால் பக்கத்தில்.

2.43-க்கு முத்தீஸ்வரி அவசர எண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். 2.45-க்கு எங்கள் டேப்பில் விழுந்தது. கதவை இடிக்கிறான், கையில் கத்தி இருக்கிறது. எங்களைத் தவிர வேறு வண்டி இல்லை. நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே பத்து நிமிடம்தான். போக ஆள் இல்லை. பாரா நகரக் கூடாது. போன் எடுப்பவர் போனைவிட்டு எழக் கூடாது.

ஏட்டய்யா வண்டியைத் திருப்பினார். 2.50-க்கு ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி. நின்றோம். கன்ட்ரோல் ரூம் மைக்கில் கூப்பிட்டது, பதில் சொன்னேன். 3.01-க்கு கேட் திறந்தது. திறந்தால் அந்தப் பக்கம் விழாவுக்காகச் சாலையை மறித்துவிட்டார்கள். மறித்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஏட்டய்யா கண்ணாடியை இறக்கிக் கத்தியும் தடுப்பை எடுக்க மாட்டேன் என்றார்கள், மேலிடத்து உத்தரவாம். சந்து சந்தாகச் சுற்றி, 3.16-க்கு மூன்றாம் வீதி.

பாவா பாயும் இன்னும் இரண்டு பேரும் ராஜபாண்டியைக் கோழிக்கூண்டோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். அவள் படிக்கட்டில் கிடந்தாள். முகத்துக்கு நேரே கையைத் தூக்கித் தடுத்திருக்கிறாள். வலது கையைப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை என் மடியில் வைத்திருந்தேன். உயிர் இருக்கிறது.

கதவு உடையவில்லை. நான் முறுக்கிய தாழ்ப்பாள் அப்படியே இருந்தது, திறந்தபடி.

பாவா பாய் ஒன்று சொன்னார். "தட்டுனவன் கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருந்தான் மேடம். போயிட்டான்னு நினைச்சேன். அப்புறம் மறுபடி கதவு தட்டுற சத்தம். 'பாய், போலீஸ் வந்துட்டாக'ன்னு அந்தப் புள்ள உள்ளருந்து கத்துச்சு. தாப்பா எடுத்துச்சு. நீங்க எங்க இருந்தீங்க அப்போ?"

பயத்தில் ஏதோ சொல்லியிருப்பாள்.

செப்டம்பர் 20, சனி

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் அவளுடைய போன், பிளாஸ்டிக் உறையில். திரையில் ஒரு குறுஞ்செய்தி.

'காவல் வாகனம் 7 தங்கள் இடத்தை வந்தடைந்தது. நேரம் 14.51.'

"என்னம்மா இது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. இப்படி ஒரு செய்தி போகும் என்று யாரும் சொல்லவில்லை. டேப் தானாக அனுப்பியிருக்கும்.

"ரெக்கார்டுப்படி நீங்க 2.51-க்கு அங்க நிக்கிறீங்க. வெட்டு விழுந்தது 2.53. அப்போ என்ன அர்த்தம்? ரெண்டு போலீஸ் கீழ நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க. மேலேருந்து கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அய்யா, நாங்க கேட்டுல நின்னோமுங்க" என்றார்.

"கேட்டுல நின்னா ரீச் எப்படி விழும்?"

மூன்று பேருக்கும் பதில் தெரியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

டேப் தானாக அனுப்பவில்லை. நான் அழுத்தினேன்.

கேட்டில் நின்றபோது கன்ட்ரோல் ரூம் கூப்பிட்டது என்று எழுதினேனே, அவள் சொன்னது: "செவன், செவப்பாகப் போகுது. ரீச் போட்டுருங்க." நான் சொன்ன பதில்: "போட்டாச்சு." கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டே அழுத்தினேன். முப்பத்தாறு எண்ணியிருந்தேன்.

நான் அழுத்தினேன். அவள் போன் ஒலித்தது. போலீஸ் வந்தாச்சு என்று உறுதியாகத் தெரிந்தது. தாழ்ப்பாளை எடுத்தாள். நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். ஓர் எழுத்துப் பிசகாமல்.

சாப்பிடவில்லை. சட்டையில் கறை போகவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பட்டியல் வந்தது. ஏழாம் நம்பர் முதலிடம். வியாழக்கிழமை அழைப்பையும் சேர்த்திருக்கிறார்கள். ஆறு நிமிடம்.

வாட்ஸ்ஆப் குழுவில் பதினேழு பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். இது எந்த வியாழக்கிழமை என்று அவர்களுக்குத் தெரியாது. அல்லது தெரியும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

செய்தி பற்றி யாரும் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் அடித்துப் பேசலாம் என்று போனேன். அதற்கு முன் சுற்றறிக்கைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

ஒன்பதாவது சுற்றறிக்கை. 'ரோந்து வாகனத்தினர் சம்பவ இடம் சேர்ந்து பொத்தானை அழுத்தியவுடன், அழைத்தவரின் கைபேசிக்கு வருகைத் தகவல் தானாகச் செல்லும் வசதி 16-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வருகிறது. எனவே இடம் சேராமல் பொத்தானை அழுத்துவது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்.'

கீழே, படித்தேன், புரிந்துகொண்டேன் என்ற வாசகத்துக்கு எதிரே என் கையெழுத்து. அதற்கடுத்து ஏட்டய்யாவின் கையெழுத்து, அதுவும் என் கையெழுத்தில்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாரா வந்து தண்ணீர் கொடுத்தார். "மயக்கமா? சாப்டியா இல்லியா?" என்றார். அவர் கையெழுத்தும் அதே பக்கத்தில் இருந்தது. எல்லார் கையெழுத்தும் இருந்தது. முப்பத்தொன்பது பேர். ஒருவர்கூடப் படிக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

இன்ஸ்பெக்டர் இன்று அன்பாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

"பாரு துளசிமணி. மூணே வழி. கீழ நின்னு வேடிக்கை பார்த்தோம்னா வேலை போகும். கேட்டுல நின்னு ரீச் போட்டோம்னா, ஊர்ல இருக்கிற அத்தனை வண்டிக்கும் தீ வச்ச மாதிரி. கமிஷனர் அவார்டு வாங்கினதே இந்த நிமிஷக் கணக்குலதான். உன்னை விடமாட்டாங்க. மூணாவது ஒண்ணு இருக்கு. 2.51-க்கு அந்த ஏரியாவுக்கு வந்துட்டோம். அந்தப் பொண்ணு கொடுத்த அட்ரஸ் தெளிவா இல்லை. சந்து சந்தாத் தேடினோம். அதான் லேட்டு. ஒரு மெமோ, ஒரு இன்கிரிமென்ட் கட், முடிஞ்சுது. மூணாம் தேதி அசிஸ்டென்ட் கமிஷனர் விசாரணை. அதுக்குள்ள எழுதிக் கொடுத்துரு."

"அய்யா, அந்த வீடு எனக்குத் தெரியும்ங்க. ரெண்டு தடவை போயிருக்கேன்."

"அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது."

நல்ல மனிதர்தான். அதையும் எழுதுகிறேன். எழுபத்தெட்டுப் பேர் வேலையைப் பதினொரு பேரை வைத்துச் செய்யச் சொன்னால் நல்ல மனிதனும் இதைத்தான் கற்றுக்கொள்வான். ஆளைக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் நகல் ஒரு கோப்பு நிறைய இருக்கிறது. பதிலாக வந்தது அந்த டேப்.

செப்டம்பர் 26, வெள்ளி

வண்டியில் நானும் ஏட்டய்யாவும். ஒரு மணி நேரம் ரோந்து சுற்றினோம். பிறகு பேக்கரி ஓரம் நிறுத்தினார். எப்போதும் வாங்குகிற தேங்காய் பன்னை வாங்கவில்லை.

"நான் எழுதிக் கொடுத்துட்டனம்மிணி" என்றார்.

"என்னன்னுங்க ஏட்டய்யா?"

"ஊடு தெரியலீன்னு."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தொடர்ந்தார்.

"இன்னும் பதினாலு மாசம். அப்பறம் இந்தக் காக்கியத் தூக்கி எறிஞ்சுபோட்டு நிம்மதியாப் போயிருவேன். நீயும் அதையே எழுதிரு. ரெண்டு பேரும் ரெண்டு விதமா எழுதுனா ரெண்டு பேருக்கும் வெனை."

"தாழ்ப்பாள் போட்டது நானுங்க ஏட்டய்யா. திருப்புளி வாங்கறப்ப நீங்க கீழ நின்னீங்க."

"தெரியும் சாமி. கண்ணுலயே நிக்குது" என்றார். பிறகு மைக் சத்தமிட்டது, ஏதோ செயின் பறிப்பு. பதினெட்டு நிமிடம் ஆனது. ஆறாவது நிமிடத்தில் கன்ட்ரோல் ரூம் பெண் ரீச் போடச் சொன்னாள். என் விரல் போகவில்லை. ஏட்டய்யா ஓட்டிக்கொண்டே இடது கையை நீட்டி அழுத்தினார். கூப்பிட்டவர் போனில் இப்போது என்ன வந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

செப்டம்பர் 29, திங்கள்

அரசு மருத்துவமனைக்குப் போனேன். சீருடை போடவில்லை. முத்தீஸ்வரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காது ஓரம் தையல். வலது கை முழங்கை வரை கட்டு, ஒரு கம்பியில் தூக்கி மாட்டியிருந்தார்கள். நரம்பு அறுந்ததைச் சேர்த்திருக்கிறார்களாம். கட்டை விரல் மட்டும் அசைகிறது. மற்ற நான்கும் வருமா என்று டாக்டர் சொல்லவில்லை என்றாள். சொல்லியிருப்பார்.

கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள். சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மெசேஜ் வந்துச்சே மேடம். நீங்க எங்க நின்னீக?"

பத்து நாளாக இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"பக்கத்துலதாங்க. சந்துல... வீட்டைத் தேடிட்டு இருந்தோம்."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாக இல்லை. தெரியாத மொழியில் யாரோ பேசினால் பார்ப்போமே, அப்படி.

"நீங்கதான மேடம் தாப்பா முடுக்கித் தந்தீக. டீ குடிச்சீக. ஒங்களுக்கா வீடு தெரியல?"

பக்கத்துக் கட்டில் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் பூக்காரி ஒருத்தி "என்னக்கா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்கும்வரை அழுவது எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

வீடு தெரியவில்லை என்று எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்து நன்றாக இருந்தது. கிழித்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை நாள். எங்களுக்கு இல்லை. அம்மா கூப்பிட்டாள். எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வேலை போயிருமா?" என்றாள். போகலாம் என்றேன். "அந்தப் புள்ளைக்குக் கை வருமா?" என்றாள். வராது என்றேன். "சரி, வை" என்றாள்.

அக்டோபர் 3, வெள்ளி

உதவி ஆணையர் ஒரு பெண். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு ஏட்டய்யா எழுதிக் கொடுத்ததைப் படித்தார். பிறகு என் காகிதத்தைக் கேட்டார். நான்கு பக்கம். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"'ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு அழுத்தினேன்.' இது சரி. அடுத்து என்ன எழுதியிருக்கே? 'எல்லா ரோந்து வண்டிகளிலும் இதுவே வழக்கம்.' இது எதுக்கு?"

"வழக்கம்ங்கம்மா. அதனால."

"உனக்கு எப்படித் தெரியும்? எல்லா வண்டியிலும் நீ உக்காந்து பாத்தியா?"

"கன்ட்ரோல் ரூம்ல மைக் பதிவு இருக்குங்கம்மா. ஒரு நாளுக்கு எத்தனை தடவை 'ரீச் போட்டுருங்க'ன்னு சொல்லியிருக்காங்கன்னு எண்ணிப் பாத்தா போதும். வியாழக்கிழமை ஸ்டேஷன்ல இருந்தது ரெண்டே பேர்ங்கறதையும் மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேனுங்க. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் பத்து நிமிஷ நடை. யாராவது ஒருத்தர் நடந்து போயிருந்தா போதும்."

"ஒன்பதாம் நம்பர் சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கே."

"படிக்காமப் போட்டேனுங்கம்மா. அதையும் எழுதியிருக்கேன். நாலாவது பக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "இதுல கையெழுத்துப் போட்டா உன்னை சஸ்பெண்ட் பண்றதைத் தவிர எனக்கு வழியில்ல. கேடயம், அவார்டு எல்லாம் அப்படியேதான் இருக்கும். நீ மட்டும்தான் போவே. தெரியுதா?"

"தெரியுதுங்கம்மா."

இந்த முறை எழுதியிருந்ததை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே ஏட்டய்யா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "கேட்டுல நின்னோம்னு எழுதிட்டியா?" என்றார். ஆமாங்க என்றேன். என்னைப் பார்க்காமல் எழுந்து வண்டிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வண்டியில் நான் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 4, சனி

சட்டைகளைத் தேய்த்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். கறை படிந்ததைத் தனியாக வைத்தேன்.

மதியம் மருத்துவமனை. முத்தீஸ்வரி என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நின்றபடியே சொன்னேன். சந்தில் தேடவில்லை. வீடு எனக்குத் தெரியும். அந்த மெசேஜ் வந்தபோது ரயில்வே கேட்டில் நின்றேன். அங்கே நின்றுகொண்டு நான்தான் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால் உங்களுக்குச் செய்தி வரும் என்று எழுதியிருந்த காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இருக்கிறது.

மன்னிப்பு என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். அந்தத் தூக்கி மாட்டிய கையைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நகலைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தேன். அவள் திரும்பி, வலது கையால் எடுக்கப் போனாள். கம்பி அசைந்தது. முகம் சுருங்கியது. பிறகு இடது கையால் எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்த கேட்டுல இருந்து எங்க வீட்டுக்கு வர எம்புட்டு நேரம் ஆச்சு மேடம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"அத மெசேஜ்ல போட்டிருந்தீகன்னா நான் தாப்பாளத் திறந்திருக்க மாட்டேனே" என்றாள்.